கல்யாண வீட்டு ஏலம்

நாசர் பாய் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே வரும். தோல் பதப்படுத்துகிற ஷாப்பு வைத்திருக்கிறவனுக்கு அரசாங்கம் தராத சலுகை அது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆட்டுத்தோலோடும் சுண்ணாம்புத் தொட்டியோடும் புழங்கிய உடம்பு, எந்த சோப்புக்கும் மசியாது. அத்தர் பூசினால் இன்னும் மோசம். ஆடு மாப்பிள்ளை வேஷம் போட்டு வந்த மாதிரி இருக்கிறது என்பாள் அவர் மனைவி நஸீரா.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் போட்டவர். பேகம்பூருக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஷாப்பு, நாலு டிரம், கை விரலும் கால் விரலும் சேர்ந்தால் எண்ணி முடிக்கிற அளவு ஆட்கள். பெரிய முதலாளி இல்லை. பேச்சு மட்டும் பெரிய முதலாளிப் பேச்சு. எங்கே நாலு பேர் கூடினாலும் அவர்தான் பேசுவார். மற்றவர்கள் டீ ஆறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவரைப் போலச் சின்ன ஷாப்புக்காரர்கள் திண்டுக்கல்லில் ஆறு பேர் ஒரு கூட்டாக இருந்தார்கள். அதில் பாதிப் பேர் முஸ்லிம்கள், பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். தோலைப் பதப்படுத்த ஒரு பட்டைப் பவுடர் வேண்டும். கப்பலில் வருகிற மரப்பட்டையிலிருந்து எடுப்பது. அதை விற்பது வெளியூர்க் கம்பெனி இரண்டு. அவர்கள் சொன்ன விலைதான் விலை என்று ஆகிவிடக் கூடாதே என்று, ஆறு பேரும் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டு, குஜிலியம்பாறைப் பக்கத்து வெள்வேலம் பட்டையை வைத்துச் சோதனை செய்து பார்த்தார்கள். ஆராய்ச்சிக் குழு என்று போர்டு கூட மாட்டியாயிற்று. தலைவர் நாசர். ஆராய்ச்சி செய்வது அவர் மகள் ஷாஹினா. காந்திகிராமத்தில் வேதியியல் படித்தவள். பட்டையை ஊறவைப்பாள், காய்ச்சுவாள், தோல் துண்டை அதில் போட்டு எடுத்து மடக்கிப் பார்ப்பாள். முதல் வருஷம் வந்ததெல்லாம் பலகை. இரண்டாம் வருஷம் பலகை கொஞ்சம் வளைந்தது. இப்போது தோல் மாதிரி வருகிறது.

அந்த ஷாஹினாவுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பக்ரீத் முடிந்து அடுத்த மாதம் நிக்காஹ். நாசர் பாய் அந்த பக்ரீத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி பிறையைக் கூட யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது.

பேகம்பூரில் குர்ஷித் பேகம் என்கிற அம்மா, தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி நடத்துகிறார். பக்ரீத் அன்று குர்பானி கொடுக்கிற வீட்டுக்காரர்கள் ஆட்டுத்தோலை அந்த விடுதிக்குத் தானமாக அனுப்புவார்கள். சாயங்காலத்துக்குள் முற்றத்தில் தோல் மலையாகக் குவிந்துவிடும். அங்கேயே ஏலம். வாங்க வருவது இந்த ஆறு பேர்தான். ஆறு பேருக்குள் ஒரு வழக்கம். எவன் வீட்டில் அந்த வருஷம் கல்யாணமோ, அவன் கேட்கிற விலைக்கு மேல் மற்றவன் கேட்க மாட்டான். கல்யாண வீட்டுக்காரன் சகாயமாகத் தோல் எடுத்து, பதப்படுத்தி விற்று, வருகிற லாபத்தில் பந்தல் போடுவான். கூட்டாளி ராயப்பராஜின் மகன் மரியராஜ் கல்யாணத்தின்போது நாசர் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அதற்கு முன்னால் நூர் முகமது வீட்டு மூன்று பெண்களுக்கும் நின்றார். நின்று நின்று கால் காய்த்துப் போனவருக்கு இப்போதுதான் முறை வந்திருந்தது. நாகல் நகரில் மண்டபம் பேசியாகிவிட்டது. டிரம்மை எல்லாம் கழுவி, உப்பு மூட்டை அடுக்கி, பெருநாளுக்கு மறுநாளே வேலைக்கு வரணும் என்று ஆட்களிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் பவுடர் கம்பெனி இரண்டும் ஒன்றாகச் சேரப் போகிறது என்று சேதி வந்தது. இவ்வளவு பெரிய கம்பெனிகள் சேர்வதென்றால் தில்லியில் இருக்கிற போட்டி ஆணையம் சரி என்று சொல்ல வேண்டுமாம். பவுடர் வாங்குகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிக்க ஐரின் என்ற அதிகாரி திண்டுக்கல்லுக்கு வந்தார். திருச்சிக்காரப் பெண், சிரித்த முகம், ஆனால் பேனா மூடியைத் திறந்துவிட்டால் ஒரு வார்த்தை தப்பாது.

குழு சார்பில் நாசரும் ராயப்பராஜும் போனார்கள். நாசர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். ராயப்பராஜ் அவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். பேச வேண்டிய இடத்தில் தலையாட்டுகிற ஆள். அதனால்தான் இருவருக்கும் இத்தனை வருஷம் ஒத்துப்போனது.

"ரெண்டு கம்பெனியும் ஒன்னாயிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்? உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க," என்றார் ஐரின்.

"மேடம், இன்னைக்கு இவன் வெலைய ஏத்துனா நான் அவன்கிட்ட போவேன். அவன் ஏத்துனா இவன்கிட்ட. அந்தப் பயத்துலதான் ரெண்டு பேரும் ஒழுங்கா இருக்கான். ரெண்டும் ஒரே பாயில படுத்துக்கிட்டா நான் எவன்கிட்ட போறது? போட்ட வெலைய வாங்கிட்டு வாய மூடிக்கிட்டு வர வேண்டியதுதான்."

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க," என்று ஐரின் எழுதிக்கொண்டார்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாசர் பாயைப் பாராட்டுவது, காய்ந்த தோலில் எண்ணெய் விடுவது மாதிரி. விட்டவுடன் விரியும். அவர் ஆராய்ச்சிக் கொட்டகையைப் பற்றிச் சொன்னார், வெள்வேலம் பட்டையைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார். ஐரினுக்கும் அது பிடித்தது. சின்னவர்கள் சேர்ந்து இப்படி ஆராய்ச்சி செய்வதில் தப்பே இல்லை, புதுச் சரக்கு ஒன்று சந்தைக்கு வந்தால் எல்லாருக்கும் நல்லதுதான் என்றார்.

"ஆராய்ச்சி சரி. தோல் வாங்குறதுல உங்களுக்குள்ள எப்படி?"

"அதுலயா? எங்களுக்குள்ள போட்டியே கெடையாது மேடம்," என்றார் நாசர், நெஞ்சை நிமிர்த்தி. "அம்புட்டு ஒத்துமை."

ராயப்பராஜும் பெருமையாகத் தலையாட்டினார்.

"அப்படியா? எப்படி அந்த ஒத்துமை?"

நாசர் கல்யாண வீட்டு ஏலத்தை ஒன்று விடாமல் சொன்னார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எப்படி ஒதுங்கி நின்றார்கள், அந்தக் காலத்திலிருந்து ஒருத்தன் கூட வார்த்தை தவறியது இல்லை, இந்த வருஷம் நம்ம முறை, மேடம் அவசியம் நிக்காஹுக்கு வரணும் என்பது வரைக்கும். ஐரினின் பேனா முதலில் வேகமாக ஓடியது. அப்புறம் மெதுவானது. அப்புறம் நின்றது.

"நாசர் பாய், இவன் ஏத்துனா அவன்கிட்ட போவேன்னு இப்பத்தானே சொன்னீங்க. நீங்க ஆறு பேரும் கம்மியாக் கேட்டா, அந்த விடுதிக்காரங்க எவங்ககிட்ட போவாங்க?"

நாசர் ராயப்பராஜைத் திரும்பிப் பார்த்தார். 

"கல்யாணத்துக்கு மொய் செய்யறது தப்பாங்க?" என்று கேட்டது ராயப்பராஜ்தான்.

"தாராளமாச் செய்யுங்க. உங்க சட்டைப்பையில இருந்து செய்யுங்க. நீங்க செஞ்ச மொய்யெல்லாம் அந்தப் பிள்ளைங்க பையில இருந்து போயிருக்கு."

ஏலம் கேட்கிறவர்கள் முன்கூட்டியே கூடிப்பேசி விலையை அமுக்குவது சட்டப்படி குற்றம் என்று ஐரின் விளக்கினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் நாசருக்கு இன்னும் பயமாக இருந்தது. கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது, மேலே என்ன செய்வார்கள் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் நீங்களாகவே நிறுத்திவிட்டோம் என்று ஆறு பேரும் எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். "கொட்டகை நல்ல விஷயம். அதுல உக்காந்து தோல் வெலை மட்டும் பேசிறாதீங்க. அப்புறம் ஆராய்ச்சிக்கும் கெட்ட பேரு வந்துரும்."

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் நஸீரா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தாள்.

"ஊரான் கம்பெனி மேல புகார் சொல்லப் போன எடத்துல, ஒங்க மேல நீங்களே புகார் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அந்த வாய மொதல்ல சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போடணும்."

ஷாஹினா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "அத்தா, திருடப் போற வீட்டு அட்ரஸ போலீஸ் ஸ்டேஷன்ல போயி கேட்ட கதையா இருக்கு."

"சிரி, சிரி. மண்டப வாடகைய யாரு, உங்க பாட்டனா குடுப்பான்?"

"எனக்கு மண்டபம் வேணும்னு நான் எப்பக் கேட்டேன்?"

ஆறு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். நூர் முகமது முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மூன்று பெண்ணையும் கரையேற்றியவருக்கு என்ன நஷ்டம். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றாலும், நாசர் பாயின் மனதில் ஒரு ஓரத்தில் பிசாசு உட்கார்ந்துதான் இருந்தது. காகிதம் காகிதமாக இருக்கட்டும், அன்றைக்கு எவனாவது நெஜமாகவே நம்மை எதிர்த்துக் கேட்பானா என்ன?

கல்யாணப் பத்திரிகை கொடுக்க விடுதிக்குப் போனார். குர்ஷித் பேகம் அறுபதைத் தாண்டியவர். உட்காரச் சொல்லி ரோஸ்மில்க் கொடுத்தார்.

"யாவாரம் எப்படி இருக்கு தம்பி?"

"ஓடுதுக்கா."

"எங்க ஓடுது. தோல் வெலைதான் அதல பாதாளத்துக்குப் போயிருச்சே. வருஷா வருஷம் பாக்குறேனே. இங்க பிளஸ் டூ முடிச்ச ரெண்டு பிள்ளைகள நர்சிங் சேக்கணும்னு இருந்தேன், போன வருஷமே முடியல. எங்க கஷ்டத்த விடு. அந்த வெலைக்கு வாங்கி வித்து நீங்கள்லாம் எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ, பாவம். துவா செய்யும்போது தோல் ஷாப்புக்காரங்களையும் சேத்துத்தான் கேக்குறேன்."

நாசர் ரோஸ்மில்க்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். தனக்காக அல்லாவிடம் கேட்கிற துவாவுக்கு என்ன பதில் பேசுவது? வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டே பாதித் தெரு போன பிறகுதான், ஸ்டார்ட் பண்ணவில்லை என்பது ஞாபகம் வந்தது.

நேராக ராயப்பராஜ் ஷாப்புக்குப் போனார்.

"மாப்ள, இந்த வருஷம் நீ ஏலம் கேக்கணும்."

"முடியாது."

"எழுதிக் குடுத்திருக்கோம்ல?"

"கூடிப்பேச மாட்டோம்னுதானே எழுதிக் குடுத்தோம். நான் யார்கூடவும் பேசல. நானாப் பேசாம நிப்பேன். ஒருத்தன் சும்மா நிக்கிறதுக்கு எந்த ஊர்ல கேஸு?"

"ஏலே, சொன்னாக் கேளு."

"நீ சொல்லி நான் கேட்டாத்தான் அது கூடிப்பேசுறது," என்றார் ராயப்பராஜ். வாழ்நாள் பூராவும் தலையாட்டியவர் அன்றைக்குச் சட்டம் பேசினார். "மரியராஜ் கல்யாணத்துக்கு நீ நின்னே. ஷாஹினா என் கையில வளந்த பிள்ளை. அது கல்யாணத்துல உனக்கு எதுத்தாப்புல நான் ஏலம் கேட்டா, என் வீட்டுக்காரி ஆனந்தமேரி எனக்குச் சோறு போட மாட்டா. போய் வேலையப் பாரு."

நாசர் திரும்பி வந்தார். பிசாசுக்கு ஒரே கொண்டாட்டம். நீ சொல்லிப் பார்த்தாய், அவன் கேட்கவில்லை, இனி உன் மேல் என்ன தப்பு என்றது. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மண்டபம், பந்தல், ஐந்நூறு பேருக்குப் பிரியாணி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு துவா செய்கிற குர்ஷித் பேகமும் நின்றார்.

பக்ரீத் வந்தது. கத்திரி வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. விடுதி முற்றத்தில் தோல் மேல் தோலாக உப்புத் தூவி அடுக்கியிருந்தார்கள். ஏலம் விடுவது அங்கே கணக்குப் பார்க்கிற பைசல். முன்னால் ஆறு பேரும் நின்றார்கள். பிள்ளைகள் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இது வருஷா வருஷம் சீக்கிரம் முடிந்துபோகிற வேடிக்கை.

"மொத்தச் சரக்கும் ஒரே ஏலம். வெலை ஒரு தோலுக்கு. கேக்குறவங்க கேக்கலாம்," என்றான் பைசல்.

நாசர் போன வருஷத்து விலையைச் சொன்னார். மரியாதைக்கு ஒரு அஞ்சு ரூபாய் கூடச் சேர்த்துக்கொண்டார்.

பைசல் சுற்றிப் பார்த்தான். நூர் முகமது வானத்தைப் பார்த்தார். இன்னொருவர் மோதிரத்தைத் திருகினார். ராயப்பராஜ் கையைக் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கிற மாதிரி நின்றார்.

"ஒரு தரம்."

இன்னும் இரண்டு வார்த்தைதான். அவ்வளவுதான் தூரம். நாசர் பாய் தலையைத் தூக்கினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த குர்ஷித் பேகம், பாவம் என்ன செய்வார்கள் என்கிற முகத்தோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரக்கத்தை நாசரால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு தர..."

"பைசல் தம்பி, செத்த நேரம் நில்லு," என்றார் நாசர். எல்லாரும் திரும்பினார்கள். "ராயப்பனுக்காகத்தான் நிக்கச் சொல்றேன். பாவம், கேக்கணும்னு ஆசை இருக்கும். ஆனா கேட்டு என்ன செய்வான்? போன வருஷம் அவன் போட்ட தோல்ல செருப்பு தச்சவன், அது எங்க கிழிஞ்சு விழுந்துச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கான்."

மாடியில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ராயப்பராஜ் கட்டிய கையை அவிழ்த்தார்.

"என்னப்பா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். அது தோலா, அப்பளமா? பொரிச்சு வெஞ்சனமா வச்சுக்கலாம்னு பேசிக்கிறாங்க. நல்ல சரக்கெல்லாம் அவன் கைக்குப் போயி வீணாவுறதுக்கு, நான் எடுத்துக்கிறதே மேலு. நீ சொல்லு தம்பி, ரெண்டு தரம்னு."

"பத்து ரூபா கூட," என்றார் ராயப்பராஜ்.

 நூர் முகமது வானத்திலிருந்து கீழே இறங்கினார்.

"அஞ்சு கூட," என்றார் நாசர்.

"அதுக்கு மேல பத்து. ஏண்டா, அப்பளமா என் தோலு? உங்க அப்பன் காலத்துல எங்க அப்பன்கிட்ட வந்து தோல் பதம் கத்துக்கிட்டவன்டா நீ."

"அஞ்சு."

"பத்து."

நூர் முகமதுவுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. வியாபாரி அல்லவா, எத்தனை நேரம்தான் வேடிக்கை பார்ப்பான்? அவரும் ஒரு விலை சொன்னார். மோதிரம் திருகியவரும் சொன்னார். அத்தனை வருஷமாக வாயில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு அணை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பைசலுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. விலை போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இனி ஏறினால் கையைக் கடிக்கும் என்கிற இடத்தில் நாசர் நின்றார். நிஜமாகவே அதற்கு மேல் அவருக்குக் கட்டாது. ராயப்பராஜ் நிற்கவில்லை. எதிரே ஆள் இல்லாதபோதும் இன்னொரு பத்தை ஏற்றிவிட்டார்.

"ராயப்பண்ணே, உங்க வெலைக்கு மேல நீங்களே கேக்குறீங்க," என்றான் பைசல்.

"கேட்டாக் கேட்டதுதான். எழுதிக்க. எவன்டா அப்பளம்?"

மூன்று தரம் சொல்லி முடிந்தது. குர்ஷித் பேகம் பைசலைக் கூப்பிட்டு, விலையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் நாசரிடம் வந்தார்.

"தம்பி, தோல் வெலை திடீர்னு ஏறிப்போச்சா?"

"இல்லக்கா. வெலை எப்பவும் இம்புட்டுத்தான் இருந்துச்சு. நாங்கதான் கேக்காம இருந்தோம்."

அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அப்ப அந்த துவாவையெல்லாம் திருப்பிக் கேக்கணுமே," என்றார். பிறகு, "போ. கல்யாணத்துக்கு ஷாஹினாவுக்காகத்தான் வாரேன், உனக்காக இல்ல," என்று சொல்லிவிட்டு மாடியைப் பார்த்து நர்சிங் பிள்ளைகள் இரண்டின் பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டார்.

நாசர் வெறுங்கையோடு ஷாப்புக்கு வந்தார். கழுவி வைத்த நாலு டிரம்மும் வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தன. நஸீராவும் ஷாஹினாவும் பெருநாள் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். நஸீரா திட்டவில்லை. மண்டபத்துக்காரனுக்குப் போன் போட்டு, வேண்டாம், பள்ளிவாசலில் நிக்காஹ், வீட்டு மாடியில் சாப்பாடு என்று அவளே சொல்லிவிட்டாள். ஐந்நூறு இருநூறாகச் சுருங்கியதில் ஷாஹினாவுக்குத்தான் சந்தோஷம்; பெயர் தெரியாத முந்நூறு பேருக்கு முன்னால் உட்கார வேண்டாம்.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. தோலும் உப்புமாக ராயப்பராஜ் குதித்து இறங்கினார்.

"மாப்ள, இம்புட்டையும் எங்கடா போடுவேன்? என்கிட்ட ரெண்டு டிரம்முதான். ஆளுகளுக்கும் லீவு விட்டுட்டேன். இந்த வெயிலுக்கு நாளைக்கே முடி கழண்டு தோல் வீணாப் போயிரும்."

"வாங்கும்போது தெரியலயா?"

"வாங்கும்போது எனக்கு எங்க புத்தி இருந்துச்சு, நீதான அப்பளம்னே."

நாசர் கையைக் கழுவினார். "டிரம் இருக்கு. உப்பு இருக்கு. ஆளும் வரச் சொல்லியிருக்கேன். கூலிக்குப் பதம் போட்டுத் தாரேன். ஷாஹினா, இதுல ஒன்னும் தப்பில்லையே?"

"கூலி வேலைதானே அத்தா. ராயப்பன் மாமாவுக்குப் பிடிக்கலைன்னா வேற ஷாப்புக்குப் போகட்டும். தாராளமா வெலை பேசுங்க."

தோலுக்கு இவ்வளவு கூலி என்று நாசர் சொன்னார். ராயப்பராஜ் தலையில் கை வைத்தார்.

"இது கொள்ளை. அஞ்சு கொறச்சுக்க."

"கொறைக்க முடியாது. கல்யாண வீடு, செலவு இருக்கு."

"கல்யாண வீடுன்னுதானேடா கேக்குறேன். சிநேகிதனுக்கு ஒரு சலுகை கெடையாதா?"

"சலுகையெல்லாம் சட்டப்படி நிறுத்தியாச்சு. வேணும்னா நூர் முகமதுகிட்ட போ. அவரும் டிரம்ம கழுவித்தான் வச்சிருக்காரு."

"போவேன். போகமாட்டேன்னு நெனச்சியா? மூணு கொறை."

"ஒன்னு."

"ரெண்டு. அதுக்கு மேல பேசுனா வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்."

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான். நஸீரா எழுந்து வந்து வண்டியின் பின்கதவுக் கொண்டியைத் தட்டித் திறந்தாள்.

"தோல் நாறுது. மொதல்ல எறக்குங்க. சண்டைய எறக்கிக்கிட்டே போடலாம்."

அப்படியே செய்தார்கள்.